இருபத்து மூன்று உறைகள்

இரவு வேலை முடிந்து வந்தால்
முப்பது சொட்டு வலேரியன், அரை டம்ளர் தண்ணீரில்.
மெல்சுங்கனில் பாதிப் பேர் இப்படித்தான் உறங்குகிறார்கள்.
மீதிப் பேருக்கு நெடுஞ்சாலை கேட்பதில்லையாம்.

அதே வேரின் சாற்றைத்தான்
சனிக்கிழமைகளில்
காட்டுக்குள் நட்ட கட்டைகளில் தெளிக்கிறேன்.
இழைக்காத மரம். சிராய் இருக்க வேண்டும்.
ஜனவரியில் இணை தேடும் காட்டுப்பூனை
அந்த வாடைக்கு வந்து
கன்னத்தைத் தேய்க்கும், முதுகைத் தேய்க்கும்,
இரண்டு மூன்று மயிரை விட்டுப் போகும்.
என்னை உறங்க வைப்பது
அதை உறங்க விடுவதில்லை.

பதினான்கு கட்டைகள்.
சாமணத்தால் மயிரை எடுத்து உறையிலிட்டு
எண் எழுதி, தேதி எழுதி
(சேகரித்தவர் என்ற கட்டத்தில்
கோமதிநாயகி அடங்குவதில்லை,
கடைசி எழுத்து வெளியே நிற்கும்)
பிறகு லைட்டரால் கட்டையைப் பொசுக்க வேண்டும்,
போன வாரத்துப் பூனை
இந்த வாரக் கணக்கில் வந்துவிடாதபடி.
டோர்தே ஹெப்னர் இதில் கறார்.

பத்து வாரத்தில் இருபத்து மூன்று உறைகள்.
நான் மனசுக்குள் பிரித்து வைத்திருந்தேன்:
ஓடைப் பக்கம் ஒரு தாய்,
பீச் மரச் சரிவில் அவளுடைய வளர்ந்த மகன்,
ஒன்பதாம் கட்டையில் உரசியது
எங்கிருந்தோ வந்த புது ஆள்.
கேட்டிருந்தால்
குடும்ப அட்டையே போட்டுக் கொடுத்திருப்பேன்.

ஏப்ரலில் ஆய்வகத்திலிருந்து கடிதம்.
இருபத்து மூன்றும் ஒரே விலங்கு.
ஆண்.

ஒன்றிலிருந்து பதினான்கு வரை,
திரும்பப் பதினான்கிலிருந்து ஒன்று வரை,
பனியில்
யாராவது வந்து போனார்களா என்று
கட்டை கட்டையாக விசாரித்தபடி
நடந்திருக்கிறது.
நான் பொசுக்கிய இடத்திலேயே
மறுபடி, மறுபடி
கன்னம் வைத்திருக்கிறது.

அந்தப் பக்கக் காட்டில் பெண்கள் இரண்டு.
ரூடிகர் சேர்த்த உறைகள் சொல்கின்றன.
நடுவே ஆயிரத்து எண்ணூறு மீட்டர்:
கடுகு வயல், சரக்குக் கிடங்கு,
ரயில் பாதை, ஆறு தடங்கள்.
காகத்துக்கு மூன்று நிமிடம்.
மறைவில்லாத வெட்டவெளியில்
காலெடுத்து வைக்கக் கூசும் ஒன்றுக்கு
எவ்வளவு என்று
எந்த வரைபடமும் போடவில்லை.

வெருகு என்றொரு பழஞ்சொல் என்னிடம் உண்டு.
இந்த ஊரில் அதைத் திருப்பிச் சொல்ல
இன்னொரு வாய் இல்லை.
இரண்டும் ஒன்றென்று சொல்ல வரவில்லை.
சொல் காத்திருக்கும்
ஏடு செல்லரித்தாலும்.
மயிரும் பசியும் உள்ளது காத்திருக்காது.

நகர மண்டபத்தில் மூன்று கூட்டம் நடந்தது.
வயலின் குறுக்கே,
பாலத்தடிப் பாதை வரைக்கும், உயிர்வேலி.
வேலி என்றால் தடுப்பதற்கு என்றே
அறிந்து வளர்ந்தவள் நான்.
கடப்பதற்கு ஒரு வேலி
என்று கேட்டபோது சிரித்துவிட்டேன்,
எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.
பத்து மீட்டர் அகலம் கேட்டோம்.
வயல்காரர் வீகாண்ட் எட்டு தந்தார்,
முகத்தைத் திருப்பிக்கொண்டு.

நவம்பரில் நட்டோம். ஹேசல், முட்புதர்கள்.
என் பங்கு நாற்பது கன்று.
முழங்கால் உயரம், பிளாஸ்டிக் குழாய்க்குள் ஒவ்வொன்றும்
காய்ச்சல் பிள்ளை போல.
ஒரு பூனையை மறைக்கும் அளவு அடர
ஆறேழு ஆண்டாகும் என்றார்கள்.
ஒரு பூனை ஏழெட்டு ஆண்டு இருந்தால் அதிகம் என்று
அதே ஆட்கள்தான் சொன்னார்கள்,
வேறொரு கூட்டத்தில்.
மயிரை வைத்து வயது சொல்ல முடியாது.
கேட்டுப் பார்த்தேன்.

மறுபடி ஜனவரி.
ஏழாம் கட்டையில், சிராயில், மூன்று இழை.
சாம்பல், நுனி கறுப்பு.
அதுதானா, வேறா, ஏப்ரலில் தெரியும்.
இரண்டை உறையிலிட்டேன். எண் எழுதினேன்.
லைட்டரை எடுத்தேன்,
கட்டைவிரல் சக்கரத்தின் மேல் இருந்தது.
கீழே லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.

மூன்றாவது இழையை விட்டுவிட்டு வந்தேன்.

டோர்தேயிடம் இன்னும் சொல்லவில்லை.